குழந்தைமை தொலைவதைச் சிறுகதையில் காட்ட எந்தக் குறியீடு பொருந்தும்?

கேள்வி: ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு சிறுமியின் கையிலிருந்து பலூன் நழுவிப் பறந்துபோகிறது. குழந்தைமை தொலைவதற்கு இதைக் குறியீடாக வைத்துச் சிறுகதை எழுதுகிறேன். சரிவருமா?

வைக்கலாம், தப்பில்லை. ஆனால் பலூன் வந்ததுமே அது பறக்கப்போகிறது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். பார்த்ததுமே குறியீடு என்று தெரிகிற பொருளால் கதைக்குப் பெரிய பயனில்லை.

கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையைப் படித்திருப்பீர்கள். அதில் கதவுதான் பிள்ளைகளுக்கு பஸ். ஏறி நின்று ஆட்டி விளையாடுவார்கள். தீர்வை (நிலவரி) பாக்கிக்காக அரசு ஆட்கள் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகள் அதையும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, மேளம் நாயனம் வாசிப்பதுபோல் பாவனை செய்தபடி கூடவே போகிறார்கள். அப்புறம் கதவில்லாத வீட்டுக்குள் குளிர் நுழைகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. கடைசியில் சாவடியில் கிடக்கும் அந்தக் கதவைக் கண்டுபிடித்து அக்காவும் தம்பியும் கட்டிக்கொள்கிறார்கள். இதைக் குழந்தைமை தொலைந்த கதை என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் குழந்தைமை கடைசி வரை அப்படியேதான் இருக்கிறது. வரி, ஜப்தி எல்லாம் புரிந்து துடிப்பது நாம்தான்.

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையிலும் மனதில் அடி வாங்குவது பெரியவர்தான். மற்றப் பிள்ளைகளுக்கு டைரி கொடுத்த அவரிடம், தனக்கென்று எதுவும் கிடைக்காத சிறுவன் சாரங்கன் ஒரு டைரியை அவனே எடுத்துவந்து நீட்டி, 'அன்பளிப்பு' என்று எழுதித் தரச் சொல்கிறான். நேராகக் கேட்கிறான், அவ்வளவுதான்.

ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் (1914) வந்த 'அராபி' கதை வேறு வகை. பையன் ஆசையாகச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் கடைகள் மூடி விளக்குகள் அணைகின்றன. தன் ஆசை வெறும் மயக்கம் என்று அங்கே அவனுக்கே உறைக்கிறது. ஆனால் சொல்வது வளர்ந்துவிட்ட ஒருவனின் குரல், அதனால் பொருந்துகிறது. உங்கள் சிறுமியின் பார்வையில் கதையைச் சொல்கிறீர்கள் என்றால் இந்த வழி கஷ்டம்.

சரி, பலூனுக்குப் பதிலாக என்ன? அவள் மலையிலேயே வளர்கிறவள் என்றால் காப்பிப் பழத்தை யோசித்துப் பாருங்கள். சிவந்த பழத்தை வாயில் போட்டால் தோலுக்கடியில் கொஞ்சம் தித்திப்பு இருக்கும், கொட்டையைத் துப்பிவிட வேண்டும். முதல் பக்கத்தில் அவள் அதைத் தின்றுகொண்டே திரியட்டும். பறிப்புக் காலத்தில் அம்மாவுக்கு முடியாமல் போய், இவள் கூடையைத் தூக்கட்டும். அதே பழம் இப்போது எடைக்கு. ஒன்றுகூட வாய்க்குப் போகாது. ஏன் என்று கதையில் யாரும் சொல்ல வேண்டாம். மேஸ்திரி தராசைப் பார்க்கிற இடத்தில் 'அவள் கண்கள் கலங்கின' என்று எழுத வந்தால் அடித்துவிடுங்கள்.

அப்புறம் வயது: பத்துக்குள் வையுங்கள். பதின்மூன்று என்றால் கூலிக் கணக்கு அவளுக்கே அத்துப்படியாக இருக்கும், அது வேறு கதை.