கரண்ட் எங்கிருந்து வருது சார்? – கேள்வி பதில்

அனல்மின் நிலையத்தில் 31 வருடம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மின் உற்பத்தி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், கேட்டுவிட்டீர்கள். பில் ஏன் கூடுகிறது என்ற கேள்விகளை மட்டும் ஒதுக்கிவிட்டேன். அதற்கு நான் ஆள் இல்லை.

ஈரோடு: சார், என் மகன் ஏழாம் வகுப்பு. நிலக்கரியை எரித்தால் தீதானே வரும், கரண்ட் எப்படி வரும் என்கிறான்.

பதில்: பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். கரி தருவது சூடு மட்டும். அதை முகப் பவுடர் மாதிரி அரைத்து பாய்லருக்குள் ஊதுவோம். அந்தச் சூட்டில் தண்ணீர் 540 டிகிரி ஆவியாகி, டர்பைன் இறக்கைகளைத் தள்ளும். டர்பைனோடு ஒரே தண்டாக இணைந்த ஜெனரேட்டர் ரோட்டாரும் கூடவே சுற்றும். ரோட்டார் ஒரு பெரிய மின்காந்தம். அதைச் சுற்றி அசையாமல் நிற்கிற செப்புச் சுருள்களில்தான் மின்சாரம் பிறக்கிறது.

பழைய சைக்கிள் டைனமோ கிடைத்தால் பையனிடம் கொடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லி, பல்பு ஒயரை ஒரு தடவை கழற்றியும் ஒரு தடவை மாட்டியும் காட்டுங்கள். மாட்டியதும் சக்கரம் கனக்கும். ஊரே ஏ.சி. போடும்போது எங்கள் டர்பைனுக்கும் அதே கனம்தான். உடனே ஆவியைக் கூட்டியாக வேண்டும்.

சேலம்: டர்பைனைவிட்டு வெளியே வரும் ஆவியை எதற்குக் குளிர வைத்துத் தண்ணீராக்குகிறீர்கள்? அப்படியே பாய்லருக்கு அனுப்பினால் எரிபொருள் மிச்சமாகாதா?

பதில்: வேலையில் சேர்ந்த புதிதில் நானும் இதைக் கேட்டேன். சீனியர்கள் சிரித்தார்களே தவிர ஒருவரும் விளக்கவில்லை. வெளியே வரும் ஆவியில் சூடு உண்டு, அழுத்தம் கிடையாது. பாய்லருக்குள்ளோ சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அளவில் அழுத்தம். ஆவியை ஆவியாகவே அதற்குள் திணிக்கப் போனால், டர்பைன் தந்த சக்தியெல்லாம் அந்த வேலைக்கே சரியாகப் போய்விடும். தண்ணீராக்கினால் இத்தனூண்டாகச் சுருங்கிவிடும், பம்பு சுலபமாகத் தள்ளும்.

அப்புறம், ஆவி தண்ணீராகும்போது கண்டென்சரில், அதாவது ஆவியைக் குளிர வைக்கும் தொட்டியில், வெற்றிடம் உண்டாகும். டர்பைனுக்கு முன்னால் தள்ளு, பின்னால் இழுப்பு. சித்திரை மாதத்தில் குளிர்விக்க வரும் தண்ணீரே வெதுவெதுப்பாக வந்தால் வெற்றிடம் குறையும், உற்பத்தியும் இறங்கும். கரியின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் மின்சாரமாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கூலிங் டவர் வழியே போகிறது. பஸ்ஸில் போகும்போது அதன் மேல் வெள்ளையாகத் தெரிவதைப் புகை என்று திட்டாதீர்கள், அது வெறும் நீராவி.

வள்ளியூர்: கூடங்குளத்திலும் ஆவிதானா?

பதில்: ஆவிதான், அடுப்பு மட்டும் வேறு. கரிக்குப் பதில் அணு உலை. இப்போது ஓடும் இரண்டு உலைகளில் ஒவ்வொன்றும் 3000 மெகாவாட் சூடு தருகிறது. அதில் கிடைக்கும் மின்சாரம் 1000 மெகாவாட். குளிர்விக்கப் பக்கத்திலேயே கடல்.

திருச்சி: டர்பைன் நிமிடத்துக்குச் சரியாக 3000 சுற்று என்கிறார்களே, அதென்ன கணக்கு?

பதில்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை. ரோட்டாருக்கு வடக்கும் தெற்குமாக இரண்டே துருவம் என்றால் ஒரு சுற்றுக்கு ஓர் அலை. விநாடிக்கு 50 சுற்று, நிமிடத்துக்கு 3000. அணைத் தண்ணீரில் ஓடும் டர்பைன் அவ்வளவு வேகம் போகாது. அங்கே துருவங்களைக் கூட்டிச் சரிக்கட்டுவார்கள்.

மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையைத்தான் கிரிட் என்போம். 2013 டிசம்பர் 31-இல் தென்மாநில கிரிட் வடக்கோடு இணைந்தது. அதிலிருந்து நாடு முழுக்க ஒரே தாளம். புதிதாக ஒரு மெஷினைச் சேர்க்கும்போது, அதன் அலை கிரிட்டின் அலையோடு பொருந்துகிறதா என்று காட்டும் சிங்க்ரோஸ்கோப்பைப் பார்ப்போம். கடிகாரம் மாதிரி இருக்கும், ஒரே முள். முள் மெல்ல வலமாக நகர்ந்து 12-ஐத் தொடும் நேரத்தில் பிரேக்கரை, அதாவது மெஷினை கிரிட்டோடு இணைக்கும் சுவிட்சைப் போட வேண்டும். பயிற்சிக் காலத்தில் முள் 2-ஐத் தாண்டியிருந்தபோது நான் சுவிட்சில் கை வைக்கப் போனேன். ஷிப்ட் இன்சார்ஜ் மணிக்கட்டில் ஒன்று போட்டார். நல்லவேளை. அந்த நேரத்தில் இணைத்திருந்தால் பல டன் தண்டை கிரிட் ஒரே வெட்டில் முறுக்கியிருக்கும்.

விருதுநகர்: மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். வெயில் கொளுத்துகிறது, ஆனால் ஈ.பி. கரண்ட் போனால் என் ஃபேனும் நிற்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை, சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். பேனல் தருவது டி.சி., ஒரே திசையில் ஓடும் மின்சாரம். இன்வெர்ட்டருக்குள் டிரான்சிஸ்டர்கள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, அதை நறுக்கி, திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. மின் அலையாக்குகின்றன. அலையின் தாளத்தை அது லைனைப் பார்த்துத்தான் போடுகிறது. லைன் செத்தால் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. லைன் செத்துவிட்டது என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போனால் என்னாவது? கரண்ட் போனாலும் ஃபேன் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு கூடும்.

யாழ்ப்பாணம்: அண்ணை, 2025 பெப்ரவரி 9 பாணந்துறையில ஒரு குரங்கு டிரான்ஸ்போமரில பட்டு முழு நாடும் இருண்டது எண்டு அமைச்சர் சொன்னவர். ஒரு குரங்கால ஏலுமோ?

பதில்: தம்பி, குரங்கு தீக்குச்சிதான், வைக்கோல் முன்பே காய்ந்து கிடந்தது. அன்று ஞாயிறு, முற்பகல். லோடு குறைவு, கூரைச் சோலார் அதிகம், அதனால் சுற்றிக்கொண்டிருந்த பெரிய மெஷின்கள் குறைவு. கனத்த ரோட்டார் குயவர் சக்கரம் மாதிரி. கையை எடுத்தாலும் கொஞ்ச நேரம் சுற்றும், அதற்குள் நாம் சுதாரித்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டருக்கு அந்தக் கனம் கிடையாது. அடி விழுந்தால் ஹெர்ட்ஸ் மளமளவென்று சரியும், பாதுகாப்புக் கருவிகள் ஒவ்வொரு மெஷினாகக் கழற்றிவிடும். தீவு கிரிட் என்பதால் தோள் கொடுக்கப் பக்கத்து கிரிட்டும் இல்லை. அந்த வருடச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி உங்கள் மின்சார சபை கேட்டதும் இந்தப் பயத்தில்தான்.

பொள்ளாச்சி: மிஞ்சும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க வழியே இல்லையா?

பதில்: உங்கள் ஊருக்கு மேலே மலையிலேயே இருக்கிறதே, கடம்பாறை நீர்மின் நிலையம்! 100 மெகாவாட் மெஷின் நான்கு. மின்சாரம் மிஞ்சினால் அதே ஜெனரேட்டர் மோட்டாராகி, கீழே மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும். தேவைப்படும்போது தண்ணீர் இறங்கும், மெஷின் எதிர்ப்பக்கம் சுற்றும். இந்த மாதிரி நிலையங்களில் நாலு யூனிட் போட்டால் சுமார் மூன்று திரும்பக் கிடைக்கும்.

மதுரை: மோட்டார் டைனமோவைச் சுற்ற, டைனமோ மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்க, மிச்சத்தில் பல்பும் எரிகிற வீடியோ பார்த்தேன். வீட்டில் செய்யலாமா சார்?

பதில்: ஈரோட்டுப் பையனைக் கேளுங்கள், பல்பை மாட்டினால் சக்கரம் கனக்கும் என்று அவனே சொல்லுவான். அந்த வீடியோவில் கேமரா ஒரு தடவையாவது மேசைக்கு அடியில் போகிறதா பாருங்கள்.