தாய்ப்பாலில் குழந்தைக்கே செரிக்காத சர்க்கரை எதற்கு?

கேள்வி நியாயமானதுதான். தாய்ப்பாலின் திடப்பொருளில் லாக்டோஸ், கொழுப்புக்கு அடுத்து அதிகம் இருப்பது ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரை வகை. சீம்பாலில் லிட்டருக்குச் சுமார் 20 கிராம் இருக்கும். இதைப் பிரிக்கும் நொதி குழந்தையிடம் கிடையாது. அப்புறம் ஏன் அம்மாவின் உடல் மெனக்கெட்டு அதைச் செய்கிறது?

அது குழந்தைக்கான சாப்பாடு அல்ல, குடலில் குடியேறும் பாக்டீரியாவுக்கான சாப்பாடு. பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற இனம் இந்தச் சர்க்கரையை அப்படியே உள்ளே இழுத்துச் செரித்து, அசிட்டிக், லாக்டிக் அமிலங்களை வெளியே விடும். குடலில் புளிப்பு ஏறினால் கெட்ட கிருமிகள் பெருகுவது கடினம். இன்னொரு வேலையும் உண்டு: குடல் சுவரில் ஒட்ட வரும் சில கிருமிகள், சுவர் என்று நினைத்து இந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். நல்ல ஏமாற்று வேலை!

குறைமாதக் குழந்தைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அவர்களின் முதிராத குடலில் திசு அழுகும் நோய் வரலாம். 1990இல் லூகாஸ், கோல் என்ற ஆய்வாளர்கள் பிரிட்டனில் 926 குறைமாதக் குழந்தைகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட புட்டிப்பால் மட்டும் குடித்தவர்களுக்கு அந்நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம். எதிர்ப்புப் புரதங்களும் தாய்ப்பாலில் இருப்பதால், எல்லாப் பெருமையையும் சர்க்கரைக்கே கொடுத்துவிட முடியாது.

நம் ஊரில் சிலர் இன்னும் மஞ்சள் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை என்று சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தடவுகிறார்கள். கொட்டுவது எந்தச் சர்க்கரை, தடவுவது எந்தச் சர்க்கரை பாருங்கள்.