காலண்டரில் என் படம்

கேள்வி: தேவனாம்பட்டினம் கடற்கரையில் நான் எடுத்த படகுப் படத்தை 'சிசி பிஒய்-எஸ்ஏ 4.0' உரிமத்தில் (பெயர் போட்டு, அதே உரிமத்தில் பகிரலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் அனுமதி) விக்கிமீடியா காமன்ஸ் என்னும் இலவசப் படத் தளத்தில் ஏற்றினேன். இப்போது அது ஒரு கடை காலண்டரில் தொங்குகிறது, என் பெயரே இல்லை. காசு கேட்கலாமா?
- வாசகர், கடலூர்

பதில்: படத்தைப் பயன்படுத்தியதற்காக மட்டும் காசு கேட்க முடியாது. யாரும், வியாபாரத்துக்குக்கூட, கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்களே கொடுத்த அனுமதி அது, திரும்பப் பெறவும் வழியில்லை. ஆனால் பெயர் போடாதது தவறு, அதோடு அவர்களுக்கான உரிமம் போய்விடுகிறது. அப்புறம் அது சாதாரணப் பதிப்புரிமை மீறல்தான். தவறு தங்களுக்குத் தெரியவந்த 30 நாளுக்குள் அவர்கள் சரிசெய்தால் உரிமம் தானாகத் திரும்பிவிடும், அதனால் முதலில் கடைக்காரரிடம் பேசுங்கள். 'வணிகத்துக்குக் கூடாது' என்கிற என்சி வகையும் உண்டு, ஆனால் அதை மட்டும் போட்டால் காமன்ஸில் ஏற்கமாட்டார்கள்.