வாக்கர், வெப்ஸ்டர், லிஸ்டர்: இங்கிலாந்தின் தொழில் பெயர்கள்

லீட்ஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்திருக்கும் தம்பியின் கேள்வி: "வார்டு பட்டியலில் ஸ்மித், டெய்லர், வாக்கர் என்று தொழில் பெயராகவே வருகிறதே, இது நம்ம ஊர்ச் சாதிப் பெயர் மாதிரியா? அவர்களிடமே கேட்கலாமா?"

சாதி இல்லை தம்பி. நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066க்குப் பிறகு வந்த முந்நூறு வருஷங்களில், ஊருக்குப் பத்து ஜான் இருந்தால் வரிக்கணக்கு எழுதுகிறவர் 'கொல்லன் ஜான்', 'தையல்கார ஜான்' என்று பிரித்து எழுத வேண்டியிருந்தது. முதலில் அது அந்த ஆளுக்கு மட்டும். மகன் தச்சனானால் அவனுக்குத் தச்சன் பெயர். 1400 வாக்கில் பெரும்பாலான இடங்களில் அது பரம்பரைப் பெயராக நிலைத்துவிட்டது. அப்புறம் தொழில் மாறியது, பெயர் மாறவில்லை. இன்ன பெயர்க்காரர் இன்னாரைத்தான் கட்ட வேண்டும் என்ற விதியும் கிடையாது. தாட்சர் என்றால் கூரை வேய்பவர். பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு அது கணவர் வழிப் பெயர், பிறந்த வீட்டில் ராபர்ட்ஸ், அப்பா மளிகைக் கடைக்காரர். இங்கே ஏற்றத்தாழ்வு பார்க்கிறவர்கள் பேச்சு உச்சரிப்பையும் படித்த பள்ளியையும் பார்ப்பார்கள், குடும்பப் பெயரை அல்ல.

நீங்கள் இருப்பது யார்க்‌ஷயர், கம்பளி நெசவு செழித்த சீமை. வார்டு பட்டியலிலேயே அந்தத் தொழில் வரிசையைப் பார்க்கலாம். வெப்ஸ்டர் நெய்பவர். தறியிலிருந்து இறங்கிய துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், இழையும் தளர்வாக இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரும் ஒருவகைக் களிமண்ணும் கலந்து காலால் மிதிப்பார்கள். சிறுநீரில் உண்டாகும் அமோனியா பிசுக்கை எடுக்கும். மிதிபட்ட கம்பளி இழைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு துணி சுருங்கித் தடிக்கும். மிதித்து நடந்தவர்தான் வாக்கர். தண்ணீரில் ஓடும் ஆலைகள் 12ஆம் நூற்றாண்டிலேயே வந்து அந்தக் கால் வேலையைப் பறித்தன, பெயர் தங்கிவிட்டது. இதே வேலைக்காரருக்குத் தென்கிழக்கில் ஃபுல்லர், டெவன் பக்கம் டக்கர் என்று பெயர். ஆகவே இந்த மூன்றில் எது என்பதை வைத்து முன்னோர் எந்தத் திசை என்று ஓரளவு ஊகிக்கலாம். சாயம் போட்டவர் லிஸ்டர், மேல் பிசிறைக் கத்தரித்தவர் ஷெர்மன், தைத்தவர் டெய்லர்.

வெப்ஸ்டர், பேக்ஸ்டர், ப்ரூஸ்டர் மூன்றின் கடைசியில் வரும் 'ஸ்டர்' பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. நெசவு, ரொட்டி சுடுவது, பீர் காய்ச்சுவது எல்லாம் பெண்கள் கையில் இருந்ததன் தடம் அது. பின்னாளில் ஆண்களுக்கும் அதுவே வழங்கியது.

இன்றைய அர்த்தத்தை வைத்து ஊகித்தால் சில பெயர்களில் ஏமாந்துபோவீர்கள். பார்க்கர் (Barker) குரைப்பவர் அல்ல, ஓக் பட்டையால் தோல் பதனிட்டவர். ஃபார்மர் முதலில் விவசாயி அல்ல, வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவர். கவர்ட் (Coward) கோழை அல்ல, மாடு மேய்த்தவர். அந்தப் பெயர்க்காரரிடம் தயவுசெய்து ஜோக் அடிக்காதீர்கள், பள்ளிக்கூடத்திலேயே போதுமான அளவு கேட்டிருப்பார். கிங், பிஷப் பெரும்பாலும் பட்டப்பெயர்கள். அரசன் வம்சம் என்று மலைக்க வேண்டாம்.

நேரடியாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள், ஆனால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. இரண்டு ஸ்மித் என்றால் உறவு என்றும் நினைக்காதீர்கள். ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தான், அதனால்தான் இங்கே மிக அதிகமானவர்களுக்கு உள்ள குடும்பப் பெயர் அது. மருந்து கொடுக்கும் முன் முழுப்பெயரோடு பிறந்த தேதியையும் நோயாளியின் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள், கைப்பட்டை எண்ணையும் ஒத்துப் பாருங்கள்.