இ.கே.எஸ். கிளஸ்டரில் வெலெரோவை நிறுவும் முன் என்னென்ன தயார்செய்ய வேண்டும்?

கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: அமேசானின் குபெர்னெட்டிஸ் சேவையான இ.கே.எஸ்.ஸில் உங்களுக்கு ஒரு கிளஸ்டர் (கன்டெய்னர் செயலிகளை ஓட்டும் கணினிகளின் தொகுப்பு) இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் உட்படச் சில செயலிகள் அதில் ஓடுகின்றன. பேக்கப் எடுக்க வெலெரோ என்ற மென்பொருளைப் போடச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு முன் கிளஸ்டரில் என்ன செய்து வைக்க வேண்டும்? நிறுவுவதற்கு முன்பே இதைக் கேட்டீர்களே, அதுவே மிக நல்லது. நாங்கள் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் நான்கு மாதம் தினமும் இரவு 2 மணிக்கு பேக்கப் ஓடியது. ஒவ்வொரு நாளும் 'கம்ப்ளீட்டட்' என்றே காட்டியது. ஒருநாள் சோதனைச் சூழலில் ஒரு நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் செயலிகளைப் பிரித்து வைக்கும் பகுதி) தவறுதலாக அழிந்துபோக, ரீஸ்டோர் செய்தோம். டிப்ளாய்மென்ட், சர்வீஸ், சீக்ரெட் எல்லாம் ஒழுங்காகத் திரும்பின. வால்யூமும் (தரவை வைக்கும் டிஸ்க்) வந்தது, ஆனால் உள்ளே தரவு இல்லை. நிறுவும்போது வால்யூம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நொடி நகல்) எடுக்கும் வசதியை யாருமே இயக்கவில்லை. அதனால் வெலெரோ யாமல் (செயலிகளின் அமைப்பை எழுதும் வடிவம்) விவரங்களை மட்டும் பத்திரமாகச் சேமித்திருக்கிறது. ரீஸ்டோர் ஆனபோது, டிஸ்க்கை எப்படி உருவாக்குவது என்று சொல்லும் ஸ்டோரேஜ் கிளாஸ் தன் வேலையைச் சரியாகச் செய்து ஒரு புதிய காலி டிஸ்க்கை உருவாக்கிக் கொடுத்துவிட்டது. சோதனைச் சூழல் என்பதால் தப்பித்தோம். அன்று வயிற்றைக் கலக்கியது இன்னும் மறக்கவில்லை.

அதன்பிறகு நான் பிடித்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. பேக்கப் மென்பொருளைத் தொடும் முன், அது செய்யப்போகும் வேலையை ஒருமுறை நானே கையால் செய்து பார்ப்பேன். 1 ஜிபி அளவில் ஒரு பிவிசி (டிஸ்க் கேட்கும் கோரிக்கை), அதில் ஒரு ஃபைலை எழுதும் ஒரு பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு), பிறகு ஒரு வால்யூம் ஸ்னாப்ஷாட், அது தயார் என்று காட்டியதும் அதே நேம்ஸ்பேஸில் அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து இன்னொரு பிவிசி. அதை வேறொரு பாடில் மாட்டி, எழுதிய ஃபைல் படிக்கக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடைத்துவிட்டால் கிளஸ்டர் பக்கம் பெரும்பாலும் சரி. கிடைக்காவிட்டால் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கேதான் உங்கள் வேலை இருக்கிறது.

பெரும்பாலும் முதல் படியிலேயே நிற்கும். குபெர்னெட்டிஸ் 1.23 பதிப்பிலிருந்து இ.கே.எஸ்.ஸில் இபிஎஸ் (அமேசானின் டிஸ்க் சேவை) டிஸ்க்குகளைக் கையாள்வது சிஎஸ்ஐ டிரைவர் என்ற தனி இணைப்பு மென்பொருள்தான். வழக்கமான முறையில் உருவாக்கிய கிளஸ்டரில் அது தானாக வராது, ஆட்-ஆனாக நாமே சேர்க்க வேண்டும். அதற்கென்று ஒரு ஐஏஎம் ரோலும் (அமேசானில் அனுமதிகளைத் தரும் அடையாளம்) வேண்டும். 1.30 முதல் புதிதாக உருவாக்கும் கிளஸ்டர்களில் ஜிபி2 (gp2, ஒரு இபிஎஸ் டிஸ்க் வகை) ஸ்டோரேஜ் கிளாஸ் டீஃபால்ட் ஆகவும் இருக்காது. ஆகவே பழைய கிளஸ்டரில் ஓடிய அதே யாமல் புதியதில் 'பெண்டிங்' என்று நின்றால் குழம்பாதீர்கள். ஜிபி3 (gp3) டிஸ்க் வகைக்கு ஒரு ஸ்டோரேஜ் கிளாஸ் எழுதி அதை டீஃபால்ட் ஆக்கிவிடுங்கள். பாட் வரும்வரை வால்யூமை உருவாக்காமல் காத்திருக்கும் பைண்டிங் முறையை அதில் கட்டாயம் வையுங்கள். இபிஎஸ் டிஸ்க் ஒரே ஒரு அவெய்லபிலிட்டி ஜோனுக்கு (ஒரு ரீஜனுக்குள் இருக்கும் தனித்த டேட்டா சென்டர் பகுதி) உரியது. பாட் ஒரு ஜோனிலும் டிஸ்க் இன்னொரு ஜோனிலும் போய் விழுந்தால் இரண்டையும் சேர்க்கவே முடியாது.

இரண்டாவதாக ஸ்னாப்ஷாட் படி. டிரைவர் இருந்துவிட்டால் ஸ்னாப்ஷாட்டும் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. ஸ்னாப்ஷாட்டுக்கான சிஆர்டிகளும் (குபெர்னெட்டிஸுக்குப் புதிய ஆப்ஜெக்ட் வகைகளைச் சொல்லும் வரையறைகள்) ஸ்னாப்ஷாட் கன்ட்ரோலரும் தனியாக நிறுவப்பட வேண்டியவை, இப்போது அதற்கும் ஒரு ஆட்-ஆன் இருக்கிறது. அப்புறம் ஒரு வால்யூம் ஸ்னாப்ஷாட் கிளாஸ் எழுத வேண்டும். வெலெரோ எந்தக் கிளாஸைப் பயன்படுத்த வேண்டும் என்பதை அதில் உள்ள ஒரு லேபிளை வைத்துத்தான் வழக்கமாகக் கண்டுபிடிக்கும், அந்த லேபிளை விட்டுவிடாதீர்கள். கிளாஸில் டிலீஷன் பாலிசி என்று ஒரு வரி இருக்கும். அதில் 'டிலீட்' என்றிருந்தால், கிளஸ்டருக்குள் ஸ்னாப்ஷாட் ஆப்ஜெக்ட் அழியும்போது கிளவுடில் இருக்கும் உண்மையான ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போய்விடும். நேம்ஸ்பேஸை யாராவது அழித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் 'ரீட்டெய்ன்' வைத்துவிட்டு, பழையவற்றைச் சுத்தம் செய்யும் வேலையைத் தனியாக ஏற்றுக்கொள்வேன்.

டிஸ்க்குகளை உங்கள் நிறுவனத்தின் சொந்தக் கேஎம்எஸ் (அமேசானின் சாவி மேலாண்மைச் சேவை) சாவியால் என்கிரிப்ட் செய்திருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். டிரைவருக்கு அமேசான் தரும் வழக்கமான பாலிசியில் அந்தச் சாவிக்கான அனுமதி இருக்காது, தனியாகச் சேர்க்க வேண்டும். இன்னொரு சிக்கல், அமேசானின் டீஃபால்ட் சாவியால் பூட்டிய ஸ்னாப்ஷாட்டை வேறொரு அக்கவுண்டோடு பகிர முடியாது. பிற்பாடு பேக்கப்பை வேறு அக்கவுண்டில் வைக்கலாம் என்று முடிவெடுக்கும்போது இது குறுக்கே வந்து நிற்கும். சாவி விஷயத்தை ஆரம்பத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

வெலெரோ பேக்கப்பைச் சேமிக்கும் எஸ்3 பக்கெட்டைப் (அமேசானின் ஃபைல் சேமிப்பிடம்) பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: கிளஸ்டர் இருக்கும் அக்கவுண்டில் அதை வைக்காதீர்கள். ஒருவர் கையில் அட்மின் உரிமை சிக்கினால் கிளஸ்டரும் பேக்கப்பும் சேர்ந்தே போகும் என்றால் அந்த பேக்கப்பால் என்ன பயன்? ரீஜனும் வேறாக இருந்தால் நல்லது. கிளஸ்டர் மும்பையில் இருந்தால் ஹைதராபாத்தில் பக்கெட் வைக்கலாம். ஆனால் ஸ்னாப்ஷாட் தானாகப் பக்கெட்டுக்குள் போகாது, கிளஸ்டரின் அக்கவுண்டிலும் ரீஜனிலுமே தங்கிவிடும். அதன் உள்ளடக்கத்தைப் பக்கெட்டுக்கு நகர்த்தும் வசதி வெலெரோ 1.12-இல் வந்தது. அதைப் பயன்படுத்த ஒவ்வொரு நோடிலும் (கிளஸ்டரின் ஒவ்வொரு கணினியிலும்) வெலெரோவின் நோடு ஏஜென்ட் ஓட வேண்டும். நேம்ஸ்பேஸ்களுக்குக் கடுமையான பாட் செக்யூரிட்டி விதி போட்டிருந்தால் வெலெரோவின் நேம்ஸ்பேஸுக்கு மட்டும் தளர்த்திக்கொடுங்கள், ஏனென்றால் ஏஜென்ட் நோடின் ஃபைல் அமைப்பைத் தொட்டாக வேண்டும். நோடுகளை அமேசானே பார்த்துக்கொள்ளும் ஃபார்கேட்டில், ஏஜென்ட்டை எல்லா நோடிலும் ஓட்டும் டீமன்செட்டும் ஓடாது, இபிஎஸ் டிஸ்க்கையும் மாட்ட முடியாது. முழுக்க ஃபார்கேட் என்றால் இந்த வழியே உங்களுக்குப் பொருந்தாது.

வெலெரோவுக்கு அமேசான் அனுமதி தர ஆக்சஸ் கீயை ஒரு சீக்ரெட்டில் போட்டு வைக்காதீர்கள். சர்வீஸ் அக்கவுண்டோடு ஐஏஎம் ரோலை இணைப்பதோ, பாட் ஐடென்டிட்டியோ, எது உங்கள் குழுவுக்குப் பழக்கமோ அது போதும்.

போஸ்ட்கிரெஸ் பற்றி ஒன்று. ஸ்னாப்ஷாட் என்பது திடீரென்று மின்சாரம் போன நொடியின் நிலை போன்றது. டேட்டாவும் WAL ஃபைல்களும் (ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டி எழுதி வைக்கும் பதிவுகள்) ஒரே டிஸ்க்கில் இருந்தால் போஸ்ட்கிரெஸ் அதிலிருந்து தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும். இரண்டும் வெவ்வேறு டிஸ்க்குகளில் இருந்தால் இரண்டு ஸ்னாப்ஷாட்டும் ஒரே நொடியைக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்த நிலையில் டேட்டாபேஸின் சொந்த பேக்கப் முறையையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் வெலெரோவை நிறுவுவது பத்து நிமிட வேலை. சிஎஸ்ஐ வசதியை இயக்கும் ஃபிளாகை மறக்க வேண்டாம், 1.14 முதல் தனி பிளகின் தேவையில்லை, ஆனால் ஃபிளாக் வேண்டும். காலக்கெடு எதுவும் தராவிட்டால் ஒவ்வொரு பேக்கப்பும் 30 நாளில் காலாவதி ஆகும், தணிக்கைக்கு அதிக நாள் தேவையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் பேக்கப் முடிந்ததும் 'கம்ப்ளீட்டட்' என்ற சொல்லோடு நிறுத்தாமல், விரிவான விவரத்தைத் திறந்து உங்கள் ஒவ்வொரு வால்யூமின் பெயரும் அதில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அன்றே வேறொரு நேம்ஸ்பேஸ் பெயருக்கு ரீஸ்டோர் செய்து, டேபிள்களில் வரிசைகள் இருக்கின்றனவா என்று ஒரு குவெரி ஓட்டுங்கள்.

கைச்சோதனை எங்கேயாவது நின்றுவிட்டால், அந்தப் பிவிசியின் ஈவென்ட்டில் வரும் கடைசி வரியையும் கிளஸ்டரின் பதிப்பையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.