வாசகர் கேள்வி – பதில்: தாய்லாந்து வாளை ஊர்வாரியாக அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி: தாய்லாந்து வாள் என்று சொல்லி விற்ற ஒன்று எங்களிடம் இருக்கிறது. நீண்ட உருளைப் பிடி, லேசாக வளைந்த அலகு. கைக்காப்பு இல்லை. எந்தப் பகுதி வாள்?

பதில்: அலகை ஒதுக்கிவிட்டுப் பிடியையும் உறையையும் பாருங்கள். வளைந்த அலகு லான்னா (சியாங் மாயைத் தலைநகராகக் கொண்டிருந்த வடக்குத் தாய்லாந்துப் பகுதி), ஷான் (பர்மாவின் கிழக்குப் பகுதி), லாவோஸ் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். போதாததற்கு 1558 முதல் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் சியாங் மாய் பெரும்பாலும் பர்மியர் பிடியில் இருந்தது. கைக்காப்பு இல்லாமல், பிடியில் வெள்ளித் தகடோ பின்னிய பிரம்போ சுற்றியிருந்தால் வடக்கு வாள் எனலாம். ஷான் வாளாகவும் இருக்கலாம், அதைப் பிரிப்பது கைதேர்ந்தவருக்கே சிரமம். சிறிய வட்டக் கைக்காப்பு மத்தியச் சமவெளியில்தான் அதிகம். 17ஆம் நூற்றாண்டில் அன்றைய தலைநகர் அயுத்தயாவில் ஜப்பானியர் குடியிருப்பு இருந்ததால் கட்டானா எனும் ஜப்பானிய வாளின் சாயல் கொண்டவையும் அங்கே உண்டு. தெற்கே பட்டானி பக்கம் வாளைவிடக் கிரிஸ் கத்திக்கே பெயர். மீன்கொத்தி அலகு போல நீண்ட மூக்குள்ள பிடியைப் பார்த்தால் அது பட்டானி பக்கத்துக் கிரிஸ்தான், சந்தேகமே வேண்டாம்.

அலகின் வால் பிடிக்குள் அரக்கு, பிசின் வகையால் பதிக்கப்பட்டிருக்கும். சூடுபட்டால் இளகிவிடும் என்பதால் பிடி மாற்றுவது சுலபம். பிடிவாயில் இடைவெளியோ புதுப் பிசினோ தெரிகிறதா, உறைக்குள் அலகு ஒரு பக்கமாக உரசுகிறதா என்று பாருங்கள். வெள்ளியா என்றறியக் காந்தம் உதவாது. பித்தளையும், வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வர் என்ற உலோகக் கலவையும்கூட ஒட்டாது. தகட்டை வெந்நீரில் கழுவவும் வேண்டாம், அடியிலுள்ள அரக்கு இளகிவிடும்.

கேள்வி: கறுத்த அலகில் வெள்ளியில் புத்தக் கதை உருவங்கள் பதித்திருக்கின்றன. லான்னா வேலையா?

பதில்: இல்லை, பர்மிய வேலை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே புகழ்பெற்ற பாணி இது.

கேள்வி: 'நாம் பீ இரும்பு' என்று கடைக்காரர் கூடுதல் விலை கேட்கிறார். தரலாமா?

பதில்: தாய்லாந்தின் உத்தரதித் மாகாணத்து நாம் பீ ஊரின் இரும்புத் தாதுவுக்கு வாள் செய்வதில் பெரும்பெயர் உண்டு. ஆனால் கண்ணால் பார்த்து அந்த இரும்பை உறுதிசெய்ய முடியாது. அந்தப் பெயருக்காக ஒரு பாட்கூட அதிகம் தராதீர்கள். பழைய வாளாக இருந்தால், வாங்குமுன் இன்னொன்று: தாய்லாந்தின் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளை வெளியே எடுத்துவர அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும்.