எந்த பிரேக்கர் வாங்கலாம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டு முன்வாசலில் 4 அங்குல கான்கிரீட் தளம் 300 சதுர அடி இருக்கிறது. அதை உடைத்துவிட்டு பேவர் பிளாக் போடப் போகிறோம். அதன் பிறகும் சின்னச் சின்ன வேலைக்கு எடுத்துப் போகலாம் என்று என் கணவர் சொல்கிறார். கடையில் கான்கிரீட் உடைக்கும் மின்சார பிரேக்கர் மெஷின்களை 1,500 வாட், 2,200 வாட் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். குறைந்த விலையில் எதை நம்பி வாங்கலாம்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வாட் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். பிரேக்கரை எடையை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 5–6 கிலோ மெஷின் டைல்ஸ் பெயர்க்க, சுவரில் காடி (நீளமான பள்ளம்) எடுக்க, பூச்சு தட்ட. 10–11 கிலோ மெஷின் கம்பி இல்லாத 3 அங்குலத் தளம் வரை தாங்கும். 4 முதல் 6 அங்குலத் தளம், உள்ளே கம்பியும் இருக்கலாம் என்றால் 15 முதல் 18 கிலோ வேண்டும். 30 கிலோ மெஷின் சாலை வேலைக்கு. அதை வண்டியில் ஏற்றி இறக்கவே இரண்டு ஆள் தேவை. உங்களுக்கு 15–16 கிலோ ரகம் சரி. நின்றுகொண்டே ஓட்டலாம், மெஷினின் எடையே உளியை அழுத்திக்கொள்ளும். மேல்மாடித் தளத்துக்கும் சுவருக்கும் மட்டும் இதைக் கொண்டு போகாதீர்கள். அங்கே 5 கிலோ மெஷின்தான். பெரியதை வைத்தால் உடைக்க வேண்டாத இடத்திலும் விரிசல் விடும்.

அட்டைப்பெட்டியில் "60 ஜூல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு அடியின் பலம்தான் ஜூல். அது உண்மையா என்று கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம். ஜூலை நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்ணால் பெருக்கி 60-ஆல் வகுங்கள். வருகிற விடை மோட்டாரின் வாட்டில் ஏறக்குறைய பாதி, அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். பாஷ் நிறுவனத்தின் ஜிஎஸ்எச் 16 ரகம் 1,750 வாட், 41 ஜூல், நிமிடத்துக்கு 1,300 அடி. 41 × 1,300 ÷ 60 = 888 வாட்; பாதிதான், கணக்கு நேராக வருகிறது. 1,500 வாட் மெஷினில் 60 ஜூல், 1,900 அடி என்று எழுதியிருந்தால் 1,900 வாட் வருகிறது. உள்ளே போகிற மின்சாரத்தைவிட வெளியே வருகிற பலம் அதிகமாக இருக்க வழியே இல்லை. அந்தப் பெட்டியில் மற்ற எண்களையும் நம்ப வேண்டாம்.

அடுத்தது உளியின் கட்டை, அதாவது மெஷினுக்குள் போகிற பகுதி. விலை குறைந்த 15 கிலோ மெஷின்களில் பெரும்பாலும் 30 மி.மீ. அறுகோணக் கட்டை வரும். இதற்கு உளி எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். 28 மி.மீ. கட்டை இதில் சேராது. எதிரெதிர்ப் பட்டைகளுக்கு நடுவே அளந்து பார்த்து வாங்குங்கள்.

பில் போடுவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி: "இதே மாடலுக்கு ஆர்மேச்சர், கார்பன் பிரஷ், சுவிட்ச், ஓ-ரிங் செட் இப்போது கையிருப்பில் இருக்கிறதா? எடுத்துக் காட்டுங்கள்." ஆர்மேச்சர் என்பது மோட்டாரில் சுற்றுகிற பகுதி, கார்பன் பிரஷ் அதற்கு மின்சாரம் கொடுக்கிற கரித்துண்டு, ஓ-ரிங் காற்று கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம். இவற்றைக் காட்ட முடியாவிட்டால் 2,000 ரூபாய் குறைவாகத் தந்தாலும் வேண்டாம். மலிவு மெஷின் பழுதாவது சகஜம். ஸ்பேர் இருந்தால் அதே நாளில் ஓடும், இல்லாவிட்டால் இரும்புக் கடைக்குத்தான் போகும்.

வாடகையையும் விசாரியுங்கள். உதாரணத்துக்கு மெஷின் 14,000 ரூபாய், நாள் வாடகை 700 என்றால் 20 நாள் வேலை இருந்தால்தான் வாங்குவது லாபம். உங்கள் தளம் ஒன்றுக்காக மட்டும் என்றால் வாடகையே போதும். இன்னொன்று, இடிபாட்டை மறந்துவிடாதீர்கள். 300 சதுர அடி, 4 அங்குலம் என்றால் 100 கன அடி, ஏறக்குறைய 7 டன். உடைத்தால் ஒன்றரை மடங்காக உப்பி ஒன்றரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) ஆகும். அள்ளிப் போகும் வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேள்வி: மோட்டார் நன்றாக ஓடுகிறது, உளி மட்டும் தட்ட மாட்டேன் என்கிறது. மெக்கானிக் ஆர்மேச்சர் மாற்றச் சொல்கிறார்.
– மேஸ்திரி ஒருவர், மதுரை

பதில்: மோட்டார் நன்றாக ஓடுகிறது என்றால் பெரும்பாலும் ஆர்மேச்சரில் பழுது இருக்காது. உடனே மாற்றாதீர்கள். உள்ளே மோட்டார் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளுகிறது. பிஸ்டனுக்கும் அதன் எதிரே இருக்கிற இரும்புக் கட்டைக்கும் நடுவில் அடைபட்ட காற்றுதான் ஸ்பிரிங் போல வேலை செய்து, அந்தக் கட்டையை உளி மேல் அடிக்க வைக்கிறது. பிஸ்டனையும் கட்டையையும் சுற்றியிருக்கும் ரப்பர் ஓ-ரிங் தேய்ந்தால் காற்று கசிந்துவிடும். சத்தம் இருக்கும், அடி இருக்காது.

பிரிப்பதற்கு முன் உளியைத் தரையில் நன்றாக அழுத்திப் பாருங்கள். அழுத்தாதவரை தட்டாமல் இருப்பது மெஷினின் அமைப்பு. உளிக் கட்டையின் மேல்முனை அடிபட்டுக் காளான் போல விரிந்திருந்தாலும் உள்ளே முழுதாகப் போகாது. இரண்டும் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஓ-ரிங்தான். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, அதே அளவில் வெப்பம் தாங்கும் ரிங்கைப் போடுங்கள். சிலிண்டரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுகிற அளவுக்குக் கீறல் இருந்தால் புது ரிங்கும் ஒரு வாரத்தில் போய்விடும். கிரீஸ் ஹேமருக்கென்று விற்கிற ரகமாக இருக்கட்டும். பல மெஷின்களுக்கு 30 கிராம்தான் அளவு. "நிறைய வைத்தால் நல்லது" என்று அள்ளி அப்பினால் அதனாலேயே அடி நின்றுபோகும்.

கேள்வி: மதியத்துக்கு மேல் மெஷின் பலம் குறைகிறது, கை வைக்க முடியாத சூடு. 30 மீட்டர் ஒயர் இழுத்து ஓட்டுகிறோம்.
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: ஒயரின் தடிமனைப் பாருங்கள். 1,500 வாட் மெஷின் 7 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 1 சதுர மி.மீ. ஒயரில் 30 மீட்டர் போய் வருவதற்குள் 8 வோல்ட் இறங்கிவிடும், 2.5 சதுர மி.மீ. ஒயரில் மூன்றரைதான். லைனே 200 வோல்ட்டில் திணறுகிற நேரத்தில் அந்த 8 வோல்ட் பெரிது. அடி தளரும், ஓட்டுகிறவர் கூடுதலாக அழுத்துவார், மெதுவாகச் சுற்றும் விசிறியால் மோட்டாரின் காயிலைக் குளிர வைக்க முடியாது. 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் பிளக் வைத்துக்கொள்ளுங்கள். சுருளாக வைத்தபடி ஓட்டினால் சுருளுக்குள் சூடு தங்கி உறை உருகும். முழுவதையும் பிரித்து விடுங்கள். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் இருக்கட்டும்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி கார்பன் பிரஷையும் பாருங்கள். 6 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கேள்வி: உளி கான்கிரீட்டில் புதைந்து மாட்டிக்கொள்கிறது. இழுத்து இழுத்து முதுகு போகிறது.
– ஒரு தொழிலாளி, கடலூர்

பதில்: தளத்தின் நடுவில் ஆரம்பிக்கிறீர்கள். உடைகிற துண்டு விலகிப் போக இடம் இல்லாததால் உளியைக் கவ்விக்கொள்கிறது. ஓரத்தில் தொடங்குங்கள். ஓரமே இல்லாவிட்டால் பாயிண்ட் உளியால் ஒரு அடிக்கு ஒரு அடி குழி ஒன்றை முதலில் திறந்துவிடுங்கள். பிறகு விளிம்பிலிருந்து 3 அங்குலம் உள்ளே தள்ளி, உளியைச் சற்றே குழிப் பக்கம் சாய்த்து அடியுங்கள். 10, 15 நொடியில் விரியவில்லை என்றால் அதே இடத்தில் நிற்காமல் இன்னும் விளிம்புக்கு நெருங்குங்கள். மாட்டிய உளியை மெஷினோடு சேர்த்து ஆட்டி நெம்பாதீர்கள். முன்புறக் கூடு உடைவது அப்படித்தான். மெஷினைக் கழற்றி, இன்னொரு உளியைப் போட்டுப் பக்கத்தில் உடைத்தால் தானே விடுபடும்.

மழுங்கிய முனையை கிரைண்டரில் தீட்டும்போது இரும்பு நீல நிறத்துக்கு மாறினால் முனையின் உறுதி போய்விட்டது. கொஞ்சம் தீட்டி, தண்ணீரில் நனைத்து, மறுபடி தீட்டுங்கள்.

தெருவோரம் உடைக்கும்போது மணலும் அதன் மேல் வரிசையாகச் செங்கல்லும் தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். கீழே மின்கேபிள் இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: பழைய பேவர் பிளாக்கை எடுக்கவும் பிரேக்கர் வேண்டுமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். மணல் படுக்கையில் போட்டதாக இருந்தால் ஒரே ஒரு கல்லை உடைத்து எடுங்கள். மீதியைக் கடப்பாரையால் நெம்பி முழுசாக எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். சிமெண்ட் கலவை வைத்துப் பதித்திருந்தால் 5 கிலோ மெஷினும் பட்டை உளியும் போதும்.

கேள்வி: நாள் முழுக்க ஓட்டினால் ராத்திரி விரல் மரத்துப்போகிறது. பழகிவிடுமா?
– ஒரு தொழிலாளி, விழுப்புரம்

பதில்: பழகாது. அதிர்வால் விரல் நரம்பும் ரத்தக் குழாயும் கெடுகிற அறிகுறி அது. விட்டால் விரல் வெளுத்து, நிரந்தரமாகவே உணர்வு குறையும். ஐரோப்பாவில் கை அதிர்வுக்கு 8 மணி நேர வேலைக்கு 5 மீ/வி² (அதிர்வின் வலிமையை அளக்கும் அலகு) என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதிர்வு தாங்கி இல்லாத மெஷின் 15 மீ/வி² காட்டினால், அந்தக் கணக்கில் ஒருவர் நாளைக்கு 53 நிமிடத்துக்கு மேல் சுவிட்சைப் பிடித்திருக்கக் கூடாது. 7 காட்டுகிற மெஷினில் 4 மணி நேரம் ஓட்டலாம். இந்த எண் மெஷினோடு வரும் கையேட்டில் இருக்கும், பாருங்கள். இருவர் மாற்றி மாற்றி ஓட்டுங்கள், கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள், காதுக்கு அடைப்பான், மூக்குக்கு என்95 முகக்கவசம் போடுங்கள். இப்போதே மரத்துப்போவதால் ஒரு மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். என்ன மெஷின், நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.